நாலு விரல் நாற்று

ஸ்டெல்லா ஜன்னலோரக் கட்டிலில் தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்திருந்தாள். மடியில் ஒரு பழைய துண்டு. அதன்மேல் நான் மாடியிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கொட்டாங்கச்சி. கொட்டாங்கச்சி நிறைய நெல் நாற்று. வெளியே காலையிலிருந்து விடாத தூறல். நாற்றின் நுனியில் நின்ற தண்ணீர் துண்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

ஸ்டெல்லா என் மனைவி. கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கிற நாற்றை வருஷா வருஷம் வளர்ப்பவள் அவள்தான். அந்த வருஷம் அவளால் எழுந்து நடக்க முடியாததால் முதல் தடவையாக நான் வளர்த்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். எனக்கும் ஏதாவது மார்க் போடுவாள் என்று பக்கத்திலேயே நின்றேன்.

அவள் நாற்றை விரலால் கோதினாள். ஒரு பயிரைத் தனியாகப் பிரித்து அடியிலிருந்து இலையை எண்ணினாள். இன்னொன்றைப் பிரித்து அதையும் எண்ணினாள்.

"இது எப்பங்க விட்டது?"

எங்கள் பக்கத்தில் விதையைத் தெளிப்பதை நாற்று விடுவது என்பார்கள். அமலா ஊருக்கு வருகிறாள் என்று தெரிந்ததும் விட்டேன் என்றேன். அமலா எங்கள் ஒரே பெண், மஸ்கட்டில் நர்ஸாக இருந்தாள்.

ஸ்டெல்லா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுதத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன். போன இரண்டு வாரமும் இந்தத் தொடரில் தாலுகா ஆபீஸ் கதைகளைச் சொல்லி உங்களைச் சிரிக்க வைத்ததாகப் பலர் சொன்னார்கள். இந்த வாரம் அது முடியாது, மன்னியுங்கள்.

இன்னைக்கு யார் பங்கு?

எங்கள் வீட்டில் டிசம்பர் பிறந்தால் தினம் ஒரு வேலை உண்டு. ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேலைதான். முதல் நாள் ஒட்டடை அடிப்பது. அப்புறம் நட்சத்திரம் கட்டுவது. துணி எடுக்கக் கீழ வீதிப் பக்கம் போவது ஒரு நாள். நாற்று விடுவது ஒரு நாள். மாவு சலிப்பது ஒரு நாள், அச்சு முறுக்கு சுடுவது மறுநாள். சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுப் பேச ஒரு நாள். பரணிலிருந்து குடில் பெட்டியை இறக்க ஒரு நாள். குடில் கட்ட ஒரு நாள். கடைசியில், பண்டிகை ராத்திரிப் பூசைக்குப் போய்த் திரும்பிய பிறகு, பஞ்சில் சுற்றி வைத்திருக்கும் பாலன் யேசு சுரூபத்தைக் குடிலில் கிடத்துவது.

இதற்கெல்லாம் சட்டம் போட்டவள் ஸ்டெல்லா. அன்றைய வேலையை வீட்டில் யாராவது ஒருவர் தலைமேல் போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். அதற்குப் பெயர் பங்கு. காலையில் காப்பி போடும்போதே அடுப்படியிலிருந்து சத்தம் வரும், இன்னைக்கு யார் பங்கு என்று.

ஒரு கோயிலைச் சேர்ந்த சபையையும் நாங்கள் பங்கு என்றுதானே சொல்கிறோம். சின்ன வயசில் அமலாவுக்கு இரண்டும் ஒன்றாகிப் போனது. பங்குச் சாமியார் என்றால் அவரும் தினம் ஒட்டடை அடிப்பார், முறுக்கு சுடுவார் என்று நம்பியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடமே போய், முறுக்குப் பங்கு முடிந்ததா என்று கேட்டுவிட்டாள். அந்த மனுஷர் புரியாமல் விழித்தார்.

சட்டத்தின் முக்கியமான பிரிவு இது: நாளைய வேலையை இன்றைக்குச் செய்யக் கூடாது. நான் அவசரக்காரன். ஒரு வருஷம் அரசாங்க விடுமுறை வந்ததே என்று நட்சத்திரத்தையும் ஒட்டடையையும் ஒரே நாளில் முடித்துவிட்டேன். ஸ்டெல்லா ஸ்டூல் போட்டு ஏறி நட்சத்திரத்தை அவிழ்த்தாள். மறுநாள் காலையில் என்னையே மறுபடி கட்டச் சொன்னாள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இன்று அதை நினைத்தால் கோபம் வருவதில்லை.

அடங்கலில் உழுதவன்

ஸ்டெல்லாவுக்கு நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நெல்லோடு வளர்ந்தவள். தீபாவளி முடிந்ததும் அவள் தம்பி ஒரு சின்னப் பையில் விதைநெல் அனுப்பிவிடுவான். அதைச் சமையலறை ஆணியில் மாட்டி வைப்பாள்.

நான் தஞ்சாவூர் டவுனில் பிறந்து வளர்ந்தவன். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. அடங்கல், பட்டா, ஜமாபந்தி என்று முப்பது வருஷத்துக்கு மேல் நிலத்தைக் காகிதத்திலேயே உழுதவன். எந்தப் பசலி வருஷத்தில் எந்தச் சர்வே நம்பரில் என்ன பயிர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். வயலில் கொண்டுபோய் நிறுத்தினால் எது நெல், எது கோரை என்று தெரியாது. இதை வைத்து என் மாமனார் வீட்டில் என்னை ஓட்டாத நாளில்லை.

குடிலைச் சுற்றி வயல் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஊர்ப்பக்க வழக்கம். பெத்லகேமில் வயல் உண்டா இல்லையா என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் குடிலில் இடையர்கள் பச்சை நாற்றுக்கு நடுவில்தான் நிற்பார்கள். அந்த நாற்று பண்டிகை ராத்திரிக்கு ஸ்டெல்லாவின் விரலுக்கு நாலு விரல் உயரம் இருக்க வேண்டும். குறைந்தால் மண் தெரியும், கூடினால் ஆட்டுக்குட்டி மறைந்துவிடும் என்பாள். முந்தின நாள் கையைப் படுக்க வைத்து, நாலு விரலையும் சேர்த்து நாற்றோடு ஒட்டிப் பார்ப்பாள். ஒரு வருஷமும் தப்பியதில்லை.

எப்போது விட்டால் அந்த உயரம் வரும் என்பது அவளுக்குத் தெரியும். நான் கேட்டு வைத்துக்கொண்டதில்லை. பக்கத்திலேயே ஒரு ஆள் இருக்கும்போது கேட்டு வைத்துக்கொள்ளத் தோன்றுமா?

மாடியில் நான்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், ஸ்டெல்லாவின் ரிப்போர்ட்டை வாங்க நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். டாக்டர் என்னை உட்காரச் சொன்னார். வியாதி கல்லீரல் வரைக்கும் போய்விட்டது என்றார். பண்டிகை வரைக்குமாவது தாங்குமா என்று கேட்டேன். எந்தப் பண்டிகை என்று அவருக்குப் புரிந்தது. சொல்ல முடியாது என்றார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே.

வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம், பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள் என்றேன். அவள் சரி என்று சொல்லிவிட்டு, நனைந்த சட்டையைக் கழற்றச் சொன்னாள்.

நான் சமையலறைக்குப் போனேன். ஆணியில் விதைநெல் பை தொங்கியது. அந்தச் சாயங்காலம் எனக்குள் ஓடியது ஒன்றே ஒன்றுதான். இவள் இன்னொரு தடவை குடிலைப் பார்த்துவிட வேண்டும், அதற்கு நாற்று வேண்டும். ஒரு பிடி நெல்லை ஊறப் போட்டேன். முளை கட்ட வேண்டும் என்பதெல்லாம் நினைவில்லை. ஊறியதும் ஊறாததுமாக மாடிக்குக் கொண்டுபோய், ஓட்டுச் சார்ப்புக்கு அடியில் ஏழெட்டுக் கொட்டாங்கச்சியில் மண் நிரப்பித் தெளித்துவிட்டேன். கீழே வந்தபோது மாடியில் என்ன வேலை என்று கேட்டாள். தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்த்தேன் என்றேன்.

அமலாவிடம் போனில் உண்மையைச் சொன்னேன். அம்மாவிடம் சொல்ல வேண்டாம், நான் உடனே வருகிறேன் என்றாள். உடனே வர விடவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்து, லீவு கொடுக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆக்கிவிட்டார்கள்.

மாடியில் நாற்று யாருக்கும் காத்திராமல் வளர்ந்துகொண்டிருந்தது. நான் தினம் போய்ப் பார்த்து, நன்றாக வருகிறதே என்று சந்தோஷப்பட்டேன். புல் மாதிரி வளரும், அப்படியே நிற்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

நவம்பரில் நட்சத்திரம்

அமலா வந்ததும் எல்லாவற்றையும் ஆரம்பித்தோம். பண்டிகைக்கு லீவு இல்லையாம், இப்போதுதான் கிடைத்ததாம், அதனால் இந்த வருஷம் கொஞ்சம் முன்கூட்டியே கொண்டாடிவிடலாம் என்று ஸ்டெல்லாவிடம் சொன்னோம். லீவு எப்போது கிடைத்தது என்று கேட்டாள். போன வாரம் என்றாள் அமலா. அது உண்மைதான்.

ஸ்டெல்லாவுக்கு இஷ்டமில்லை. ஆனால் பெண்ணின் முகத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டாள். பண்டிகைக்கு முந்தின நாலு வாரத் திருவருகைக் காலமே தொடங்காத நவம்பரில் எங்கள் வீட்டு வாசலில் நட்சத்திரம் எரிந்தது. ஒரே நாளில் மாவு சலித்து, அன்றைக்கே முறுக்கு சுட்டோம். பக்கத்து வீட்டு மும்தாஜுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். அவள் புருஷன் துபாயில், பிள்ளைகளோடு தனியாக இருப்பவள். இந்த வருஷம் சீக்கிரமே வந்துவிட்டதே என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவசர அவசரமாக ஒரு பண்டிகையை நடத்துவது எத்தனை கொடுமை என்று நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நாங்கள் சிரித்த சிரிப்பெல்லாம் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அடுத்தது குடில். அதற்கு முன்னால் அவள் நாற்றைப் பார்த்தால் சந்தோஷப்படுவாளே என்று, நான்தான் ஒரு கொட்டாங்கச்சியை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தேன்.

நாலாவது இலை

தலையைத் தூக்கிப் பார்த்தவள், என்னைத் திட்டவில்லை. வகுப்பில் பேசுகிற மாதிரி நிதானமாகப் பேசினாள்.

"அமலாவுக்கு லீவு கெடச்சதே போன வாரந்தான். இதுல நாலாவது இலை வந்திருக்கு. இது மூணு வாரத்து நாத்து."

மழை ஈரத்துக்குச் சீக்கிரம் வளர்ந்திருக்கும் என்றேன்.

"ஈரத்துக்கு ஒசரமா வேணா வளருங்க. இலை நாள் கணக்குக்குத்தான் வரும்."

அப்புறம் அவள் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு மனசுக்குள் நாளைப் பின்னோக்கி எண்ணுகிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. எண்ணி முடிக்கட்டும் என்று நிற்பதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ரிப்போர்ட் வாங்கி வந்த அன்றைக்கா என்று கேட்டாள். அன்றைக்குத்தானே தொட்டியைப் பார்க்கப் போனீர்கள் என்றாள்.

டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டபோது, சொன்னேன். பண்டிகை வரைக்கும் சொல்ல முடியாது என்று அவர் சொன்ன அதே வார்த்தையைச் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். துண்டால் கொட்டாங்கச்சியின் அடியைத் துடைத்தாள்.

"அமலாவுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"என் தம்பிக்கு?"

தெரியும்.

"அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியாது."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் என்னை எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். இந்த ஒரு வாக்கியத்தைப் போல எதுவும் என்னை அடித்ததில்லை. வியாதி அவளுடையது, உயிர் அவளுடையது. நாங்கள் கூடிப் பேசி, அவளை மட்டும் வெளியே நிறுத்திவிட்டோம். சாமியாரைக் கூப்பிட்டு, நோயாளிக்கு ஜெபித்து எண்ணெய் பூசுகிற நோயில்பூசுதலைச் செய்திருக்க வேண்டும். கூப்பிட்டால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும் என்று அதையும் செய்யவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அமலாவைக் கூப்பிட்டாள். நட்சத்திரத்தை அவிழ்க்கச் சொன்னாள். மிச்ச முறுக்கை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள். முத்தின நாற்றை எதிர்வீட்டு ஆட்டுக்குப் போடச் சொன்னாள். டிசம்பர் பிறக்க இன்னும் சில நாள் இருந்தது. பிறந்ததும் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம், அந்தந்த நாள் பங்கு அந்தந்த நாளில்தான் என்றாள்.

அமலாவால் தாங்க முடியவில்லை. அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேவிட்டாள்.

"ஆனா ஆவட்டும். பங்கு நின்ன எடத்துல நிக்கட்டும்," என்றாள் ஸ்டெல்லா.

தலைமாட்டில் மூட்டை

டிசம்பர் பிறந்தபோது அவள் இருந்தாள். சாமியார் வந்து எண்ணெய் பூசிவிட்டுப் போயிருந்தார். மஸ்கட்டில் வேலை போனால் போகட்டும் என்று அமலா இருந்துவிட்டாள். நான் ஒட்டடை அடித்தேன். கட்டிலில் இருந்தபடியே, மூலையில் விட்டுவிட்டீர்கள் என்று காட்டினாள். மறுநாள் நட்சத்திரம். அடுத்த நாள் துணி. அவளுக்கும் ஒரு நூல் சேலை எடுத்தோம். நீலத்தில் வேண்டும் என்று கேட்டிருந்தாள். அது எதற்கு என்று மூன்று பேருக்கும் தெரியும்.

இந்த நாட்களைப் பற்றி நான் ஆறுதலாக ஏதாவது எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். என்னிடம் ஆறுதல் எதுவும் இல்லை. அவளுக்கு வலி இருந்தது. சில மத்தியானங்களில் வேதனையில் என்னை ஏசினாள். ஒரு நாள் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை, வெளியே போங்கள் என்றாள். நான் வாசல்படியில் போய் உட்கார்ந்திருந்தேன். ஆனால் மறுநாள் காலையில் யார் பங்கு என்று கேட்டாள்.

நாற்றுப் பங்கை அவளே எடுத்துக்கொண்டாள். நெல்லை எவ்வளவு நேரம் ஊற வைப்பது என்று சொல்லி, வடித்து, ஈரத்துணியில் மூட்டையாகக் கட்டித் தன் தலைமாட்டில் வைக்கச் சொன்னாள். மெத்தையெல்லாம் ஈரமாகும் என்று அமலா முணுமுணுத்தாள். ஆகட்டும் என்றாள். மறுநாள் மூட்டையை அவிழ்த்தபோது ஒவ்வொரு நெல்லிலும் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. அதுதான் முளை கட்டுவது. நான் மாடியில் செய்யாமல் விட்டது.

கொட்டாங்கச்சிகளை ஒவ்வொன்றாக நான் நீட்ட, அவள் தெளித்தாள். பாதி போர்வையில் விழுந்தது. போர்வையிலிருந்து நான் பொறுக்கிக் கொடுத்தேன், மறுபடி தெளித்தாள். அன்றைக்கு அவளுக்கு மூச்சு வாங்கினாலும் முகம் சரியாக இருந்தது. பண்டிகை ராத்திரிக்கு நாலு விரல், பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

முறுக்கு சுட்ட அன்று எண்ணெய் வாசனை பட்டதும் அவளுக்குக் குமட்டியது. அடுப்பை அணைக்கவா என்று அமலா கேட்டதற்குத் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். அதற்கு மறுநாள் போன் பேசுகிற நாள். தம்பியிடம் பேசினாள். விதைநெல் நல்ல நெல் என்று சொன்னாள். வேறொன்றும் அவளால் பேச முடியவில்லை.

அடுத்த நாள் என் பங்கு. குடில் பெட்டியை இறக்க வேண்டும். விடிந்ததும் பரணுக்கு ஏணியைச் சாத்தினேன். இரண்டு படி ஏறியிருப்பேன். அமலா அப்பா என்று கூப்பிட்டாள். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள். அவள் நர்ஸ். அந்தக் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஜன்னல் விளிம்பு

நீலச் சேலையில் அடக்கம் செய்தோம். துக்க வீட்டில் பண்டிகை கிடையாது. நட்சத்திரத்தை அமலா அணைத்துவிட்டாள். பெட்டி பரணிலேயே இருந்தது. ஏணியை எடுத்து வைக்க எனக்கு மனசு வரவில்லை, சாத்தியபடியே நின்றது. மும்தாஜ் வீட்டிலிருந்து மூன்று வேளையும் சாப்பாடு வந்தது. கொண்டுவந்து வைத்துவிட்டு எதுவும் பேசாமல் போவாள். அவளை நான் மறக்க மாட்டேன்.

வந்தவர்களில் பலர், திருநாள் வரும் நல்ல காலத்தில் போயிருக்கிறார்கள், கொடுத்து வைத்தவர்கள் என்றார்கள். எனக்கு அந்தப் பேச்சு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. அவள் கேட்டது ஒரு டிசம்பர். அதில் பாதியைக்கூட யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை.

கொட்டாங்கச்சிகளை எல்லோரும் மறந்துபோயிருந்தோம். ஜன்னல் விளிம்பில் வரிசையாக இருந்தன. தூறல்தான் அவற்றுக்குத் தண்ணீர் விட்டிருக்க வேண்டும். பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம் ஜன்னலைச் சாத்தப் போனபோதுதான் பார்த்தேன். மண்ணே தெரியாமல் நெருக்கமாக நின்றன.

கையைப் படுக்க வைத்து என் நாலு விரலை ஒட்டிப் பார்த்தேன். நாற்று எட்டவில்லை. என் தடித்த விரலுக்குக் கீழேயே நின்றது. இதையும் கெடுத்துவிட்டேன் என்று அப்படியே நின்றுவிட்டேன்.

அமலா வந்தாள். என்ன என்று கேட்கவில்லை. என் கையை எடுத்துவிட்டுத் தன் கையை வைத்தாள். அவளுக்கு அவள் அம்மாவின் கை. மெலிந்த, நீளமான விரல்கள். நாற்றின் நுனி மேல் விரலோடு ஒட்டி நின்றது.

"சரியா இருக்குப்பா," என்றாள்.

அதைச் சொல்ல நான் கட்டில் பக்கம் திரும்பினேன். மெத்தையை எடுத்துவிட்ட வெறும் கட்டில்.

மறுநாள் பண்டிகை. எழுந்ததும் ஜன்னலுக்குத்தான் போனேன். அமலாவையும் எழுப்பி, கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். நாற்று அவள் விரலைத் தாண்டியிருந்தது.